தெமோதரை நிலையமும் கங்காணியின் தலைப்பாகையும்

புகையிரத நிலையத்தின் மேடையில் நின்று நாம் வழியனுப்பிய வண்டி, சில நிமிடங்கள் கழித்து நம் காலடிக்குக் கீழேயே மலையைத் துளைத்துக்கொண்டு ஓடுமானால் எப்படியிருக்கும்? கதையில் வரும் மாயாஜாலம் என்றுதான் எவரும் நினைப்பர். ஆயினும் இது கதையன்று. ஊவா மாகாணத்திலே, எல்லவுக்கும் பதுளைக்கும் நடுவில், தேயிலைச் சரிவுகளின் மத்தியில் அமைந்திருக்கும் தெமோதரை நிலையத்தில் நாம் நேரிலே கண்ட காட்சி இது.

இலங்கையின் மலைநாட்டுப் புகையிரதப் பாதையைப் பற்றி அறியாதவர் நம்மில் இல்லை. குளிர் காற்றுக்காகவும் இயற்கைக் காட்சிக்காகவும் எல்லவை நாடி வருவோர் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வந்திருக்கிறது. இராவணன் பெயரைத் தாங்கிய நீர்வீழ்ச்சியையும், பள்ளத்தாக்கைக் கடக்கும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் படம் பிடித்துக்கொண்டு அவர்கள் திரும்பிவிடுகின்றனர். அங்கிருந்து அடுத்த நிலையமான தெமோதரை வரை போய் இறங்கிப் பார்ப்பவர் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவரானது, பாடசாலை விடுமுறை ஒன்றில் எம்முடன் பிரயாணம் செய்த மருமகப் பிள்ளைகளின் பிடிவாதத்தினாலேயே.

எண்ணிப் பார்த்த சிறுவன்

நாம் சென்றிருந்த காலை மழை விட்டிருந்தது. மலைமுகடுகளை மூடியிருந்த மூடுபனி மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது. நிலையம் சின்னஞ்சிறியது; ஆரவாரம் இல்லாதது. பதுளை செல்லும் வண்டி வந்து நின்றது. இயந்திரச் சாரதி ஒரு பெரிய வளையத்தை நிலைய உத்தியோகத்தரிடம் கொடுத்துவிட்டு, வேறொன்றைப் பெற்றுக்கொண்டார். பிள்ளைகள் அது என்னவென்று கேட்டனர்.

இப்பாதை ஒற்றைத் தண்டவாளப் பாதை. எதிரெதிராக இரு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒரே பகுதியில் நுழைந்துவிட்டால் விபரீதம் நேரும். அதனைத் தடுப்பதற்காக, அடுத்தடுத்த இரண்டு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைக்கப்பட்ட பொறிகள் வைக்கப்பட்டுள்ளன. அவற்றிலிருந்து ‘டெப்லட்’ எனப்படும் வில்லை ஒன்றை வெளியே எடுத்துவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு பொறிக்குள் சேரும் வரை மற்றொன்றை எடுக்க முடியாது. வில்லை எவர் கையிலிருக்கிறதோ அவருக்கே பாதை சொந்தம். அந்த வில்லையைத் தாங்கிய பையோடு கூடியதே நாம் கண்ட வளையம். நூறாண்டு பழமையான ஏற்பாடாயினும், அதன் எளிமையே அதன் பலம்.

வண்டி ஊதிக்கொண்டு புறப்பட்டது. மலையின் வளைவிலே திரும்பி மறைந்தது. “இனி இந்தப் பக்கம் ஓடி வாருங்கள்” என்று பிள்ளைகளை மறுபுறம் அழைத்துச் சென்றோம். கீழே பள்ளத்தில் தண்டவாளம் ஒன்று தெரிந்தது. சற்று நேரத்தில் மலைக்குள்ளே உறுமல் கேட்டது. நிலம் லேசாக அதிர்வது போலிருந்தது. நாம் நின்ற இடத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்திலிருந்து வண்டியின் முகம் வெளிப்பட்டது.

“இது வேறு வண்டி!” என்றாள் சிறுமி.

“இல்லை மாமா, அதே வண்டிதான். போகும்போதும் பெட்டிகளை எண்ணினேன், இப்போதும் எண்ணினேன். இரண்டும் சரி!” என்று வெற்றிக் களிப்போடு கூவினான் அவள் அண்ணன்.

விஞ்ஞானத்தின் முதற் பாடத்தை அவன் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டான். கண்ணை நம்பு, ஆனால் எண்ணிப் பார்த்த பின் நம்பு.

சுற்றி வருவது ஏன்?

நேராக இறங்கவேண்டிய பாதை மலையைச் சுற்றித் தன் காலடியிலேயே நுழைவானேன்? மாணவர்கள் இதனைக் கவனித்தல் நன்று.

கொழும்பிலிருந்து வரும் பாதை, பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் 6,226 அடி உயரத்தில் தன் சிகரத்தை அடைகிறது. அங்கிருந்து அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல எனக் கீழிறங்கிப் பதுளைக்கு வந்து சேரும்போது உயரம் சுமார் 2,100 அடியாகக் குறைந்துவிடுகிறது. அதாவது நாலாயிரம் அடிக்கு மேல் இறங்கவேண்டும். மனிதன் படியில் இறங்குவான். மோட்டார் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி இறங்கும். புகையிரதத்துக்கோ இரண்டுமே இயலாதவை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமதரையில் பெரும் பாரத்தை இலகுவாக இழுக்க உதவுவதும் இதுவே. ஏற்றத்தில் சக்கரம் வழுக்கி வீண் சுழற்சி சுழலக் காரணமாவதும் இதுவே.

ஆகவே, மலைநாட்டுப் பாதையை வகுத்தவர்கள் 44 அடி தூரத்துக்கு 1 அடிக்கு மேல் ஏற்றமோ இறக்கமோ இருத்தலாகாது என்று எல்லை வகுத்துக்கொண்டனர். தெமோதரையில் நிலம் அந்த எல்லையை மதிக்கவில்லை. பள்ளம் திடீரென்று தாழ்ந்து கிடந்தது. உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் தூரத்தைக் கூட்டவேண்டும். தூரத்தைக் கூட்டவோ இடம் போதாது. எனவே பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து, ஏறக்குறைய 3,000 அடி ஓடச் செய்து, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வெட்டி வெளியே விட்டனர். 44 அடிக்கு 1 அடி வீதம் 3,000 அடி ஓடினால் எத்தனை அடி இறங்கலாம்? வகுத்துப் பாருங்கள், 68 அடி வரும். ஒரு சுரங்கத்தை நிலையத்தின் அடியில் நுழைக்க அது தாராளமாகப் போதும்.

நீலகிரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் இதே பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தனர். அங்கே 12 அடிக்கு 1 அடி என்னுமளவுக்கு ஏற்றம் உண்டு. வழுக்காதிருக்கத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, இயந்திரத்தின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி அமைத்தனர். டார்ஜிலிங் பாதையில் 2 அடி அகலமேயுள்ள குறுகிய தண்டவாளம் போட்டு, சிறு வண்டிகளை வளைத்து வளைத்து ஓட்டினர். நமது மலைநாட்டிலோ தண்டவாள இடைவெளி 5 அடி 6 அங்குலம். சமவெளியில் ஓடும் அதே பெரிய வண்டிகள், பற்சட்டமும் இன்றி, மேகமண்டலம் வரை ஏறிச் செல்கின்றன. இதனை நம்மவர் சாதாரணமாக எண்ணிவிடுகின்றனர்.

தலைப்பாகைக் கதை

இந்த விசித்திர யோசனை யாருக்கு, எப்படித் தோன்றியது? இதற்கு ஊவா மலைகளில் செவிவழியாக வழங்கும் கதை ஒன்றுண்டு.

பாதை வகுக்க வந்த பொறியியலாளர், பள்ளத்தைப் பார்த்து வழி தோன்றாமல் திகைத்து நின்றாராம். அப்போது தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் அருகிலே நின்று, அவிழ்ந்துபோன தலைப்பாகையைத் திரும்பவும் கட்டிக்கொண்டிருந்தாராம். துணி தலையைச் சுற்றி வந்து, முதற் சுற்றின் கீழே நுழைந்து வெளிவந்ததைக் கண்டதும் பொறியியலாளருக்கு மின்னலென யோசனை உதித்ததாம். ‘துணி சுற்றுவது போல் தண்டவாளமும் சுற்றட்டும்!’

அந்தப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர என்று கதை கூறுகிறது. 1874இல் பிறந்து 1953இல் மறைந்த அப்பெரியார், இலங்கை நீர்மின்சாரத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். நீர்வீழ்ச்சிகளின் வலிமையால் இந்நாட்டுக்கு விளக்கேற்றலாம் என்று 1918இலேயே கட்டுரை எழுதி வாதாடியவர். அவர் கனவு கண்ட லக்ஸபானத் திட்டம் 1950இல்தான் நனவாயிற்று.

கதை எழுத்துக்கு எழுத்து உண்மையா என்பது நமது ஆராய்ச்சியன்று. ஆனால் அக்கதையில் ஒரு விஷயம் எமது மனத்தை உறுத்துகிறது. பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது. பிறந்த வருடமும் மறைந்த வருடமும் இருக்கின்றன. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டுமே இருக்கிறது. அந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தவர்களோ கதைக்குள் வரவே இல்லை.

கோப்பிக்காக வந்த பாதை

1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி இலங்கைப் புகையிரத வேலையைத் தொடக்கிவைத்தார். 1865இல் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையில் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. 1867இல் பாதை கண்டியை எட்டியது. இத்தனை அவசரமும் பிரயாணிகளுக்காக அன்று, கோப்பி மூட்டைகளுக்காகவே. மலைத் தோட்டங்களில் விளைந்த கோப்பி, மாட்டு வண்டிகளில் வாரக்கணக்காக ஊர்ந்து துறைமுகம் சேரவேண்டியிருந்தது. வழியில் மழை, சேறு, மாடுகளுக்கு நோய். தோட்டத் துரைமார் புகையிரதத்தைக் கேட்டுக் கூச்சலிட்டதில் வியப்பில்லை.

ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். பாதை கண்டிக்கு வந்த அதே காலத்தில், லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இரண்டு வருடங்களில், 1869இல், கோப்பி இலையிலே செம்புள்ளி நோய் தோன்றியது. 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹற்றனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் தண்டவாளம் வந்து சேர்ந்தபோது, எந்தக் கோப்பிக்காக அது திட்டமிடப்பட்டதோ அந்தக் கோப்பி அழிந்து, தேயிலைப் பெட்டிகளே வண்டியில் ஏறின.

1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அதன்பின் பாதை அங்கேயே நின்றுவிட்டது. பதுளைக்கு முதற் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924இல். கொழும்பிலிருந்து பதுளை வரை 181 மைல் தூரம். அதன் கடைசி இருபது மைல் முடிவதற்கு முப்பது வருடங்கள் சென்றன.

இந்தக் கடைசிப் பகுதியிலேதான் ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை வளையமும் இருக்கின்றன. சுமார் 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்ட அந்தப் பாலம், முதல் உலக மகாயுத்தத்தை ஒட்டிய காலத்தில் எழுந்தது. யுத்தத்தினால் உருக்குக் கிடைக்காமற்போகவே, கல்லையும் செங்கல்லையும் சீமெந்தையும் கொண்டே அதைக் கட்டினர் என்று ஊரார் சொல்வர். நூறாண்டு மழையையும் தாங்கிக்கொண்டு அது நிற்கிறது.

பெரியவர் சொன்னது

நிலையத்து வாங்கிலில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் பெட்டிகளை எண்ணிய விநோதத்தைக் கண்டு சிரித்தார். பேச்சுக் கொடுத்தோம். பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்.

“எங்க தாத்தா இந்தப் பாதைக்குக் கல்லு ஒடைச்சவருங்க, ஐயா. வெடி வச்சு மலையைப் பொளந்தப்போ கூட இருந்த ஆளுங்க செத்தும் போனாங்களாம். தாத்தா அதைச் சொல்லும்போது பேரு சொல்லமாட்டாரு. ‘நம்மாளு’ன்னுதான் சொல்லுவாரு” என்றார்.

தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கைகளே இம்மலைநாட்டின் தோட்டங்களையும், தெருக்களையும், தண்டவாளத்தையும் ஆக்கின. தொடக்க காலத்தில் வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். கொள்ளைநோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்ட பின்னர், மண்டபம் முகாமைக் கடந்து, கப்பலும் புகையிரதமுமாக அவர்கள் வந்தனர். தாமே மண் வெட்டிய பாதையில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி வந்தனர்.

“பெரியவரே, உங்கள் சொந்தக்காரர் எல்லோரும் இங்கேதானா?” என்று கேட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ என்று பின்னர் தோன்றியது. அவர் சற்று நேரம் தண்டவாளத்தையே பார்த்தார்.

ஒப்பாரிக் கோச்சி

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேரென மதிக்கப்பட்ட மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கு சரியாக இருந்தது. ஆனால் குடும்பங்கள் கணக்குப்படி பிரிவதில்லை. அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடும் எழுதப்பட்டன.

அந்நாட்களில் மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட வண்டிகளுக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. கோச்சி என்பது மலையகத்தார் புகையிரதத்துக்கு வழங்கும் பெயர். வழியனுப்ப வந்தவர்களும் வண்டியிலிருந்தவர்களும் ஒருவரையொருவர் பார்த்து ஒப்பாரி வைத்தழுதமையால் வந்த பெயர் அது. உயிரோடு இருக்கையிலேயே ஒருவருக்கொருவர் ஒப்பாரி வைத்த சமூகம் அது.

பெரியவர் பேசினார்.

“எங்க அக்கா பதுளைப் பக்கம் வாக்கப்பட்டிருந்திச்சு. பேரு வந்திருச்சு, போயாகணும். பதுளையில கோச்சி ஏறிச்சு. நான் இங்க வந்து நின்னுக்கிட்டிருந்தேன். பதுளையிலேருந்து வர்ற கோச்சி மொதல்ல கீழே சுரங்கத்துக்குள்ள பூந்து, அப்புறம் மலையைச் சுத்தி மேலே வரும். கீழே வந்தப்பவே ஜன்னல்ல அக்கா தலையைப் பாத்துட்டேன். கத்தினேன், அதுக்குக் கேக்கல. சுரங்கத்துக்குள்ள போனப்போ அத்தனை பேரு அழுற சத்தமும் எங்காலுக்குக் கீழே கேட்டுச்சுங்க, ஐயா. சுத்தி வந்து இங்க நிக்கிறவரைக்கும் ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். அது ஒரு யுகம். மேடையில நின்ன நேரம் அதைவிடக் கொறைச்சல். கையைப் புடிச்சேன். கோச்சி நகந்திருச்சு.”

எமக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. பெட்டிகளை எண்ணிய சிறுவன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான்.

“அக்கா இப்போது எங்கே, தாத்தா?” என்று கேட்டான்.

“நீலகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேலை குடுத்தாங்க. அங்கேயும் மலை, அங்கேயும் கொழுந்து. கடுதாசி வந்துக்கிட்டிருந்திச்சு. அப்புறம் நின்னு போச்சு.”

தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்து வேலை கொடுத்ததை நாம் அறிவோம். பற்சட்டம் பதித்த மலைப்பாதை அந்த மாவட்டத்திலேதான் இருக்கிறது. ஒரு மலைப் புகையிரதத்தின் கரையிலிருந்து இன்னொரு மலைப் புகையிரதத்தின் கரைக்கு அந்தப் பெண்மணி பெயர்க்கப்பட்டார். மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அதே மண்டபம் முகாம் வழியாகத் திரும்பினர்.

இந்நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. முதற் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையில் 55 வருடங்கள். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்ததைவிட நீண்ட காலம்.

மலை கேட்கும் கூலி

மலையைக் குடைந்து போட்ட பாதையை, போட்டதோடு விட்டுவிட முடியாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். நாற்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களும் எண்ணற்ற வளைவுகளும் கொண்ட இப்பாதையைக் காப்பவர்கள், மழையிலும் பனியிலும் தண்டவாளத்தின் மீது நடந்து பார்க்கும் பாதைத் தொழிலாளர்களே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலைநாடு பட்ட துயரம் யாவரும் அறிந்தது. மண்சரிவுகள் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனதோடு, மலைநாட்டுப் பாதையையும் பல இடங்களில் அறுத்தெறிந்தன. லயங்களில் வாழ்வோருக்குச் சரிவின் அபாயம் எத்தகையது என்பதையும் அந்த நாட்கள் நாடு முழுவதற்கும் காட்டின.

1954இல் கனடா அன்பளிப்புச் செய்த டீசல் இயந்திரங்கள் வந்தன. 1956இல், யாழ்தேவி வடக்கே ஓடத் தொடங்கிய அதே வருடத்தில், ‘உடரட்ட மெனிக்கே’ மலைநாட்டுக்கு ஓடத் தொடங்கியது. நீராவியின் புகை மறைந்தது, கோப்பி மறைந்தது, துரைமார் மறைந்தனர். தெமோதரையில் மண்ணைச் சுற்றிய அந்த வளையம் மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது.

பாதை சீராக இருக்கும் நாளொன்றில், மாணவர்களே, நீங்களும் தெமோதரைக்குச் சென்று பாருங்கள். வண்டியின் பெட்டிகளை எண்ணுங்கள். 44க்கு 1 என்ற சரிவைக் கண்ணால் அளந்து பாருங்கள். விமலசுரேந்திரரை நினையுங்கள், அவர் நினைக்கத் தக்கவர். அதன்பின், தலைப்பாகை கட்டிய அந்தப் பெயரறியாத கங்காணியையும், அவருக்குக் கீழே கல்லுடைத்த ‘நம்மாளை’யும் ஒரு கணம் நினையுங்கள்.

நாம் விடைபெற்றபோது பெரியவர் எழுந்து நின்றார். பதுளையிலிருந்து திரும்பும் வண்டி வரும் நேரம். கீழே சுரங்கத்தில் உறுமல் கேட்டது. பிள்ளைகள் மேடையின் ஓரத்துக்கு ஓடினர். பெரியவர் ஓடவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, காலடியிலிருந்து வந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றார்.